டி-சிப்பாயை எங்கே நிறுத்துவது? ஃபிளாங்க் ஓப்பனிங்குக்குக் கறுப்பின் பதில்

இ4-க்கு ஒரு பதில், டி4-க்கு ஒரு பதில் என்று தேற்றிக்கொண்டு போட்டிக்குப் போகிறவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் நடுச் சிப்பாய்களைத் தொடவே இல்லை. சி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். இல்லாவிட்டால் குதிரையை எஃப்3-இல் வைத்து, அடுத்து ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங் என்று நாம் என்ன ஆடுகிறோம் என்பதையே கவனிக்காமல் ஆடிக்கொண்டு போகிறார். ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் இதை விநாடிக்கு ஒரு நகர்த்தலாக ஆடிவிடுவார்கள். நாம் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருப்போம்.

இந்த அத்தியாயம் திருமுடிவாக்கம், குன்றத்தூர், பம்மல், தாம்பரம் பக்கத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே செஸ் ஆடுகிற ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஷிஃப்ட் மாறும், படிக்கக் கிடைப்பது இரவு அரை மணி நேரம். அப்படிப்பட்டவர் இங்கிலீஷுக்கு ஒரு புத்தகம், ரேட்டிக்கு ஒரு புத்தகம், லார்சனுக்கு ஒரு புத்தகம் என்று படிக்க முடியாது. சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவருக்குத் தெரியும்: ஒவ்வொரு உருப்படிக்கும் தனி ஃபிக்ஸர் செய்துகொண்டிருந்தால் ஆர்டர் முடியாது; நான்கைந்து உருப்படிக்குப் பொருந்துகிற ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். கறுப்புக்கும் அப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

அதற்கு விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கள் டி-சிப்பாய் எங்கே நிற்கப் போகிறது?

குறிப்பு: கட்டங்களை ஏ1 முதல் எச்8 வரை எழுதுகிறோம். சிப்பாய் நகர்ந்தால் கட்டத்தின் பெயர் மட்டும் வரும். மற்ற காய்களுக்குக் காயின் பெயரும் சேரும். வெட்டுவதற்கு × குறி.

வெள்ளை என்ன தேடுகிறது?

1. சி4 ஆடினால் இங்கிலீஷ் ஓப்பனிங். 1843-இல் பாரிஸில் செயின்ட்-அமானுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டாண்டன் ஆடியதால் இந்தப் பெயர் வந்தது. 1. குதிரை எஃப்3 ஆடி, பிறகு சி4-உம் பிஷப் ஜி2-உம் வந்தால் ரேட்டி. 1. பி3 லார்சன் பெயரில் வழங்குகிறது, 1. எஃப்4 பேர்ட் பெயரில். எல்லாவற்றிலும் வெள்ளையின் எண்ணம் பெரும்பாலும் ஒன்றே. நடுப் பலகையைச் சிப்பாயால் நிரப்பாமல், பக்கத்திலிருந்து காய்களால் அடக்கிவைப்பது. கறுப்பு தன் திட்டத்தைக் காட்டிய பிறகு தன் திட்டத்தை முடிவு செய்வது.

இரண்டாவதாக இன்னோர் எண்ணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிளாங்க் ஓப்பனிங்காகத் தொடங்கும் ஆட்டம் ஐந்தாவது நகர்த்தலில் வேறு ஓப்பனிங்காக மாறிவிடலாம். 1972 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் பாபி பிஷர் 1. சி4 ஆடினார். ஸ்பாஸ்கி இ6, டி5 என்று பதில் சொல்ல, சில நகர்த்தல்களில் அது குயின்ஸ் கேம்பிட்டின் டார்டகோவர் வகையாக மாறியது. பிஷர் வென்றார். ஆக 1. சி4-க்குப் பதில் தேடும்போது, டி4-க்கு நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்பதையும் கூடவே பார்த்தாக வேண்டும். இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தால் வெள்ளை எந்தக் கதவைத் திறந்தாலும் நீங்கள் தெரிந்த வீட்டுக்குள்தான் நுழைவீர்கள்.

நான்கு இடங்கள்

டி-சிப்பாய் போய் நிற்கக்கூடிய இடங்கள் நான்கு.

ஒன்று: டி5-இல் நிறுத்தி இ6 அல்லது சி6-ஆல் தாங்குவது.
இரண்டு: டி6-இல் நிறுத்தி இ5-ஐத் தாங்குவது.
மூன்று: டி5-இலிருந்து டி4-க்குத் தள்ளுவது.
நான்கு: டி-சிப்பாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சி5 ஆடி, வெள்ளைக்கு எதிரே கண்ணாடி போல் நிற்பது.

இவற்றில் எது சரி, எது தவறு என்று இல்லை. நான்கையும் உலக சாம்பியன்கள் ஆடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேலையைக் கேட்கும் என்பதுதான் விஷயம்.

முதல் இடம்: டி5-இல் உறுதியாக

இதற்குள் இரண்டு வழிகள் உண்டு.

இ6 வழி: 1. சி4 இ6 2. குதிரை எஃப்3 டி5 3. ஜி3 குதிரை எஃப்6 4. பிஷப் ஜி2 பிஷப் இ7 5. காஸ்லிங் காஸ்லிங். இங்கே வெள்ளை 6. டி4 ஆடினால் கட்டலான். 6. பி3 ஆடினால் இரண்டு பிஷப்புகளும் ஓரத்திலிருந்து குறிவைக்கும் ரேட்டி அமைப்பு. குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் ஆடுகிறவர்களுக்கு இது இயல்பாக வரும். குறை ஒன்று: சி8 பிஷப் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து சி5-ஐத் தாமதிக்காமல் ஆடுவது. சி5 வராமல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் ஓடிவிட்டால் கறுப்பு வெறுமனே காத்திருக்கும் நிலை வந்துவிடும். 1987 செவில்லில் பட்டத்தைத் தக்கவைக்கக் கடைசி ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டிய நிலையில் காஸ்பரோவ் தேர்ந்தெடுத்தது 1. சி4. கார்போவின் இ6, டி5-க்கு எதிராக ஜி3, பி3 என்று மெதுவாக ஆடிப் பலகையில் காய்களை வைத்துக்கொண்டே அழுத்தி வென்றார். மோதல் 12-12 என முடிந்து பட்டம் அவரிடமே நின்றது. இ6 வழியை எடுப்பவர் அந்த நீண்ட அழுத்தத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

சி6 வழி: 1. குதிரை எஃப்3 டி5 2. சி4 சி6. இப்போது வெள்ளை 3. டி4 ஆடினால் நேராக ஸ்லாவ். 3. பி3 அல்லது 3. ஜி3 ஆடினால் கறுப்பு சி8 பிஷப்பை எஃப்5-க்கோ ஜி4-க்கோ வெளியே எடுத்துவிட்டுப் பிறகு இ6 ஆடுகிறது. இ6 வழியில் சொன்ன குறை இதில் இல்லை. 1924 நியூயார்க் போட்டியில் ரேட்டிக்கு எதிராக இமானுவேல் லாஸ்கர் இப்படித்தான் ஆடினார்: சி6, பிஷப் எஃப்5, குதிரை எஃப்6, குதிரை பிடி7, இ6, பிஷப் டி6, காஸ்லிங், பிறகு இ5. லாஸ்கர் வென்றார். நூறாண்டு கடந்தும் அந்த வரிசையை அப்படியே எடுத்து ஆடலாம்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு செய்திகள். முதலாவது, பிஷப் எஃப்5-இல் நின்றால் எச்6 ஆடி எச்7-இல் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். குதிரை எச்4 அல்லது இ4 வரும்போது பிஷப் பின்வாங்க இடம் வேண்டும். இரண்டாவது, பிஷப் வெளியே போனதும் பி7 காவலில்லாமல் நிற்கும். வெள்ளை சி×டி5 ஆடி, ராணியை பி3-க்குக் கொண்டுவந்தால் உங்கள் பதில் தயாராக இருக்க வேண்டும்: ராணி பி6, இல்லாவிட்டால் ராணி சி8.

வெள்ளை சி4 ஆடாமல் 1. குதிரை எஃப்3 டி5 2. ஜி3 என்று வந்தால் 2...பிஷப் ஜி4 3. பிஷப் ஜி2 சி6, அடுத்து குதிரை டி7, குதிரை ஜிஎஃப்6, இ6 அல்லது இ5. பிள்ளைகள் யோசிக்காமல் ஆடும் கிங்ஸ் இந்தியன் அட்டாக்குக்கு இதைவிடச் சிக்கனமான பதில் குறைவு.

இரண்டாவது இடம்: டி6-உம் இ5-உம்

இதற்கும் இரண்டு வழிகள்.

நேர் வழி: 1. சி4 இ5. வெள்ளை சிசிலியன் ஆடுகிறது, ஒரு நகர்த்தல் கூடுதலாக. இ4-க்கு இ5 ஆடுகிறவர்கள், காய்கள் சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதை எடுக்கலாம். முக்கிய வரி ஒன்று: 2. குதிரை சி3 குதிரை எஃப்6 3. குதிரை எஃப்3 குதிரை சி6 4. ஜி3 பிஷப் பி4 5. பிஷப் ஜி2 காஸ்லிங் 6. காஸ்லிங் இ4 7. குதிரை ஜி5 பிஷப்×சி3 8. பி×சி3 யானை இ8. செவில்லிலேயே இந்த நிலை இரண்டு முறை வந்தது. காஸ்பரோவ் இரண்டு முறையும் 9. எஃப்3 ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் கார்போவ் 9...இ3 என்று சிப்பாயை உள்ளே தள்ளி வென்றார். நான்காவது ஆட்டத்தில் அதே சிப்பாயால் எஃப்3-ஐ வெட்டினார், தோற்றார். இவ்வளவு கூர்மையாக வேண்டாம் என்றால், டி-சிப்பாயை டி6-இல் நிறுத்தி ஜி6, பிஷப் ஜி7 என்று அமைதியாகவும் ஆடலாம்.

இந்த வழிக்கு ஒரு தடை உண்டு. வெள்ளை 1. குதிரை எஃப்3 ஆடினால் இ5 ஆட முடியாது, சிப்பாய் போய்விடும். ஆகவே இ5 ஆடுகிறவர் குதிரை எஃப்3-க்குத் தனியாக ஒரு பதிலும் வைத்திருக்க வேண்டும். படிக்க நேரம் குறைவு என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்று வழி: குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங், டி6, பிறகு இ5. கிங்ஸ் இந்தியன் ஆடுகிறவர்களுக்கு வெள்ளை என்ன ஆடினாலும் முதல் ஐந்து நகர்த்தல் ஏறத்தாழ ஒன்றே. படிப்பு மிகக் குறைவு. ஆனால் எளிதாக இருக்கிறது என்பதற்காகத் திட்டமில்லாமல் ஆடினால் ஆபத்து. அதே 1924 நியூயார்க் போட்டியில் ரேட்டி கபாபிளாங்காவை வென்றார். கறுப்பு குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங் என்று ஆடியது. வெள்ளை மூன்றாவது நகர்த்தலிலேயே பி4 ஆடி ராணிப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. எட்டு ஆண்டுகளில் கபாபிளாங்காவின் முதல் தோல்வி அது. ஆட்டம் 31 நகர்த்தலில் முடிந்தது. டி4 வராத கிங்ஸ் இந்தியனில் வெள்ளை யானை பி1, பி4, பி5 என்று ராணிப் பக்கம் வரும். நீங்கள் இ5, எஃப்5 என்று ராஜா பக்கம் கிளம்பத் தாமதித்தால் உங்களுக்கு விளையாட ஒன்றும் இருக்காது.

மூன்றாவது இடம்: டி4-க்குத் தள்ளுவது

1. குதிரை எஃப்3 டி5 2. சி4 டி4. கறுப்புக்கு இடம் கிடைக்கிறது. வெள்ளையின் பி1 குதிரைக்கு இயல்பான சி3 கிடைப்பதில்லை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சிப்பாய் இனி ஓர் இலக்கு. வெள்ளை இ3 ஆடி அடியில் இடிக்கும். பி4 ஆடி சி5-ஐ வரவிடாமல் செய்யும். இது உண்மையில் நிறம் மாறிய பெனோனி. வெள்ளையாக ஆடும்போது பெனோனிக்கு எதிராக ஆடிப் பழகியவருக்கு இந்த நிலை கைவரும். மற்றவர்கள் டி4 தள்ளுவதற்கு முன் இரண்டு வரிகளாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: 3. பி4-க்கு 3...எஃப்6, நோக்கம் இ5, 3. இ3-க்கு 3...குதிரை சி6.

நான்காவது இடம்: சி5, காத்திருத்தல்

1. சி4 சி5 அல்லது 1. குதிரை எஃப்3 சி5. சிசிலியன் ஆடுகிறவர்களுக்கு வசதி. குதிரை எஃப்3 சி5-க்குப் பிறகு வெள்ளை இ4 ஆடினால் உங்கள் சிசிலியனே வந்துவிடும். சி4 ஆடினால் சமச்சீர் இங்கிலீஷ். இதில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: வெள்ளை ஆடுவதையே திருப்பி ஆடிக்கொண்டு போவது. எட்டாவது ஒன்பதாவது நகர்த்தலில் வெள்ளை ஏதாவது ஒன்றைத் திறக்கும்போது அதைத் திருப்பி ஆட முடியாமல் போய்விடும். சமச்சீரை முதலில் உடைப்பவர் நீங்களாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் டி5 வழியாக. ஜி6-ஐச் சீக்கிரம் ஆடினால் டி4, சி×டி4, குதிரை×டி4, பிறகு இ4 என்று மரோட்ஸி அமைப்புக்குள் வெள்ளை உங்களை அடக்கிவைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னையில் நடந்த பாடம்: 2013

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முழுப் பாடம் நடந்திருக்கிறது. 2013 நவம்பரில் தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில் விஸ்வநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். கார்ல்சன் வெள்ளையாக ஆடிய முதல் மூன்று ஆட்டங்களிலும் முதல் நகர்த்தல் ஃபிளாங்க் ஓப்பனிங்தான்: குதிரை எஃப்3, குதிரை எஃப்3, சி4. ஆனந்தின் தயாரிப்பை ஒதுக்கிவிட்டு, நீண்ட ஆட்டம் ஆட வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிந்தது.

நவம்பர் 9, முதல் ஆட்டம். 1. குதிரை எஃப்3 டி5 2. ஜி3 ஜி6 3. பிஷப் ஜி2 பிஷப் ஜி7 4. டி4 சி6 5. காஸ்லிங் குதிரை எஃப்6 6. பி3 காஸ்லிங் 7. பிஷப் பி2 பிஷப் எஃப்5 8. சி4 குதிரை பிடி7 9. குதிரை சி3 டி×சி4 10. பி×சி4 குதிரை பி6. டி-சிப்பாய் டி5-இல் நின்றது, சி6 தாங்கியது, பிஷப் எஃப்5-க்கு வந்தது. வெள்ளை சி4 ஆடி அடுத்த நகர்த்தலில் குதிரையையும் வெளியே எடுத்த பிறகே ஆனந்த் சி4-ஐ வெட்டினார். 11. சி5 குதிரை சி4 என்று குதிரை உள்ளே நுழைந்து வெள்ளைக் காய்களைத் துரத்தத் தொடங்கியது. 16-ஆவது நகர்த்தலில் டிரா. டி5-இல் நிறுத்திவைத்து, சரியான நேரத்தில் விடுவது எப்படி என்பதற்கு இந்த 16 நகர்த்தலை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நவம்பர் 12, மூன்றாவது ஆட்டம். 1. குதிரை எஃப்3 டி5 2. ஜி3 ஜி6 3. சி4. ஒரே நகர்த்தல் வித்தியாசம், உடனே 3...டி×சி4 4. ராணி ஏ4+ குதிரை சி6 5. பிஷப் ஜி2 பிஷப் ஜி7 6. குதிரை சி3 இ5 7. ராணி×சி4 குதிரை ஜிஇ7. சிப்பாயைத் திருப்பிக் கொடுத்தாலும் இ5-இல் நடுப் பலகையைப் பிடித்தார். வெள்ளை ராணி அங்குமிங்கும் அலைந்த நேரத்தில் கறுப்பு காய்களை எடுத்துவைத்தது. 51 நகர்த்தலில் டிரா. நல்ல நிலையில் இருந்தது கறுப்புதான்.

நவம்பர் 15, ஐந்தாவது ஆட்டம். 1. சி4 இ6 2. டி4 டி5 3. குதிரை சி3 சி6 4. இ4. மூன்றாவது நகர்த்தலிலேயே இங்கிலீஷ் காணாமல் போய், குயின்ஸ் கேம்பிட்டின் முக்கோண அமைப்பு வந்துவிட்டது. 4...டி×இ4 5. குதிரை×இ4 பிஷப் பி4+ 6. குதிரை சி3 சி5 என்று தொடர்ந்த ஆட்டம் 58 நகர்த்தலில் கார்ல்சனுக்குப் போனது. தோல்வி வந்தது எண்ட்கேமில். ஓப்பனிங்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நமக்கு வேண்டிய செய்தி தெளிவாகவே இருக்கிறது: 1. சி4-க்கு இ6 ஆடுகிறவர் குயின்ஸ் கேம்பிட்டுக்கும் தயாராக உட்கார வேண்டும்.

சிங்கப்பூரில் நடந்த பாடம்: 2024

அடுத்த பாடத்திலும் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை எதிர்த்துக் குகேஷ் ஆடிய உலகப் பட்ட மோதலின் கடைசிக் கட்டத்தில், டி-சிப்பாய்க் கேள்வி மூன்று முறை மேசைக்கு வந்தது.

பதினோராவது ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை: 1. குதிரை எஃப்3 டி5 2. சி4 டி4 3. பி4 சி5 4. இ3 குதிரை எஃப்6 5. ஏ3. டிங் டி4-க்குத் தள்ளினார். வெள்ளை பி4, இ3 இரண்டாலும் அந்தச் சிப்பாயின் இரு பக்கத்தையும் இடித்தது. நேர நெருக்கடியில் 28-ஆவது நகர்த்தலில் டிங் தவறு செய்ய, 29-இல் ஆட்டம் முடிந்தது.

மறுநாள் பன்னிரண்டாவது ஆட்டம். இப்போது குகேஷ் கறுப்பு: 1. சி4 இ6 2. ஜி3 டி5 3. பிஷப் ஜி2 குதிரை எஃப்6 4. குதிரை எஃப்3 டி4. இவரும் தள்ளினார். டிங் இ3 ஆடி அதை உடைத்துப் பொறுமையாக 39 நகர்த்தலில் வென்றார்.

டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். ஸ்கோர் சமநிலை, குகேஷ் கறுப்பு. 1. குதிரை எஃப்3 டி5 2. ஜி3 சி5 3. பிஷப் ஜி2 குதிரை சி6 4. டி4 இ6 5. காஸ்லிங் சி×டி4 6. குதிரை×டி4 குதிரை ஜிஇ7 7. சி4 குதிரை×டி4 8. ராணி×டி4 குதிரை சி6 9. ராணி டி1 டி4. இந்த முறை சிப்பாய் உடனே டி4-க்குப் போகவில்லை. டி5-இல் நின்று, வெள்ளை சி4 ஆடி ஒரு ஜோடிக் குதிரைகள் மாறிய பிறகே, ஒன்பதாவது நகர்த்தலில் டி4-க்குப் போனது. ஓப்பனிங் முடிந்தபோது கறுப்புக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆட்டம் நீண்டு, கறுப்பு ஒரு சிப்பாய் அதிகமாக இருந்த எண்ட்கேமுக்கு வந்தது. டிரா ஆகவேண்டிய நிலைதான். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்தார். குகேஷ் யானையை வெட்டி, பிஷப்பையும் மாற்றிக்கொண்டார். மீதி சிப்பாய் எண்ட்கேம். 58-இல் டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

இவற்றில் முதல் இரண்டு ஆட்டத்தை வைத்து டி4 கெட்ட நகர்த்தல் என்று சொல்லிவிட முடியாது. அதை ஆடி ஜெயித்த கிராண்ட்மாஸ்டர்கள் நிறையப் பேர். ஆனால் டி4 தள்ளிய பிறகு ஒவ்வொரு நகர்த்தலும் கணக்கு கேட்கும். டி5-இல் நிறுத்தியவருக்குக் கணக்கு தப்பினாலும் நிலை தாங்கும். 15 நிமிடமும் ஒரு நகர்த்தலுக்கு 10 விநாடியும் வைத்து ஆடும் ரேப்பிட்டில் இந்த வித்தியாசம் பெரியது.

நீங்கள் ஏற்கெனவே ஆடுவதோடு பொருத்திப் பாருங்கள்

டி4-க்கு நீங்கள் ஆடுவதைக் கீழே தேடி, அதற்கு நேரே உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள்.

ஸ்லாவ்: 1. சி4 சி6, 1. குதிரை எஃப்3 டி5. கவனிக்க வேண்டியது 1. சி4 சி6 2. இ4. இங்கே 2...டி5 ஆடினால் கரோ-கானுக்குள், பெரும்பாலும் பனோவ் வகைக்குள் போவீர்கள். இ4-க்கு கரோ-கான் ஆடுகிறவருக்கு இதில் பயமில்லை. அது தெரியாதவர் 2...இ5 ஆடலாம்.

குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்: 1. சி4 இ6, 1. குதிரை எஃப்3 டி5. 1. சி4 இ6 2. இ4 வந்தால் 2...டி5, சிப்பாய்கள் மாறியபின் இரு பக்கமும் திறந்த நிலை, கறுப்புக்குக் காய்களை எடுக்கச் சிரமமில்லை.

நிம்சோ இந்தியன்: 1. சி4 குதிரை எஃப்6 2. குதிரை சி3 இ6 என்றால் 3. இ4 வரும், பிஷப் பி4-க்கு நேரமிருக்காது. 3...டி5 4. இ5 டி4 என்ற வரியைப் படித்துக்கொள்ளுங்கள். ஜி3 வந்தால் நிம்சோவை மறந்து டி5 ஆடுங்கள்.

க்ரூன்ஃபெல்ட்: 1. சி4 குதிரை எஃப்6 2. குதிரை சி3 ஜி6 3. இ4 வந்தால் உங்கள் டி5 கிடையாது. கிங்ஸ் இந்தியன் ஆட வேண்டி வரும். வேண்டாம் என்றால் 2...டி5 3. சி×டி5 குதிரை×டி5. 4. குதிரை எஃப்3 ஜி6 5. இ4 குதிரை×சி3 6. டி×சி3 என்று ராணிகள் மாறும் எண்ட்கேமுக்கும் தயாராக இருங்கள்.

கிங்ஸ் இந்தியன்: எல்லாவற்றுக்கும் அதே வரிசை. 1. குதிரை எஃப்3-க்கு முதலில் ஜி6 வேண்டாம், குதிரை எஃப்6 ஆடுங்கள். ஜி6-க்கு வெள்ளை இ4 ஆடினால் மாடர்ன், பிர்க் போன்ற வேறு ஓப்பனிங்குக்குள் போய்விடுவீர்கள்.

டச்: 1. சி4 எஃப்5 சரி. 1. குதிரை எஃப்3 எஃப்5 2. இ4 என்ற லிசிட்சின் காம்பிட்டுக்குப் பதில் தெரியாமல் எஃப்5-ஐத் தொடாதீர்கள்.

மீதி நகர்த்தல்களுக்குச் சுருக்கமாக

1. பி3: இ5 ஆடுங்கள். 1970-இல் பெல்கிரேடில், சோவியத் யூனியனும் உலக அணியும் மோதிய போட்டியின் முதல் பலகையில் லார்சன் இதை ஸ்பாஸ்கிக்கு எதிராக ஆடினார். 1...இ5 2. பிஷப் பி2 குதிரை சி6 3. சி4 குதிரை எஃப்6 4. குதிரை எஃப்3 இ4. ஸ்பாஸ்கி ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து, எச்-சிப்பாயை ஓட்டி, 14-ஆவது நகர்த்தலில் யானையை எச்1-இல் பலி கொடுத்தார். 17-இல் வெள்ளை விட்டுக்கொடுத்தது. வெள்ளை நடுப் பலகையைக் காலியாக விட்டால் அதை எடுத்துக்கொள்வதற்குத் தயங்க வேண்டியதில்லை என்று காட்டும் ஆட்டம்.

1. எஃப்4: டி5, பிறகு ஜி6, பிஷப் ஜி7, குதிரை எஃப்6. வேகமான ஆட்டத்தில் துணிந்தால் 1...இ5 என்ற ஃப்ராம் காம்பிட்டும் உண்டு: 2. எஃப்×இ5 டி6 3. இ×டி6 பிஷப்×டி6. வெள்ளை கவனிக்காமல் 4. குதிரை சி3 ஆடினால் 4...ராணி எச்4+ 5. ஜி3 ராணி×ஜி3+ 6. எச்×ஜி3 பிஷப்×ஜி3 செக்மேட். கவனிப்பவருக்கு எதிராக ஒரு சிப்பாய் குறைவாகவே ஆட வேண்டியிருக்கும்.

1. பி4: இ5 2. பிஷப் பி2 பிஷப்×பி4 3. பிஷப்×இ5 குதிரை எஃப்6. வெள்ளைக்கு நடுச் சிப்பாய் அதிகம், கறுப்புக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும்.

1. ஜி3: டி-சிப்பாயை நீங்கள் தேர்ந்த இடத்தில் வையுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

நான்கு வாரத்தில் தேற்றுவது

முதல் வாரம்: நான்கு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. சி4-க்கும் குதிரை எஃப்3-க்கும் அதே அமைப்பு கிடைக்கிறதா என்று பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள், மொபைலில் வேண்டாம்.

இரண்டாவது வாரம்: அந்த அமைப்பில் மேலே சொன்ன ஆட்டங்களைக் காய் வைத்து ஆடிப் பாருங்கள். டி5 என்றால் ரேட்டி-லாஸ்கர், சென்னை முதல் ஆட்டம். இ5 என்றால் செவில் இரண்டும் நான்கும். டி6 என்றால் ரேட்டி-கபாபிளாங்கா. ஒவ்வொன்றிலும் பத்தாவது நகர்த்தலில் நிறுத்தி, கறுப்பு அடுத்து எந்தச் சிப்பாயைத் தள்ள வேண்டும் என்று நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு தொடருங்கள்.

மூன்றாவது வாரம்: லிச்செஸில் பத்து நிமிட ஆட்டங்கள். எதிராளி சி4, குதிரை எஃப்3 ஆடினால் மட்டும் அந்த ஆட்டத்தைச் சேமியுங்கள். எந்த நகர்த்தலில் உங்களுக்குத் தெரிந்தது முடிந்தது, எந்த நகர்த்தலில் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தீர்கள் என்று குறியுங்கள். எஞ்சினை அதன் பிறகு திறங்கள்.

நான்காவது வாரம்: ஒரு போட்டி. பேரிங் ஒட்டியதும் எதிராளி யார் என்று தேடி நேரம் போக்காதீர்கள். உங்கள் பலகையில் டி-சிப்பாய் எங்கே நிற்க வேண்டும், அதைத் தாங்குவது எது, அதை எப்போது விடுவது என்ற மூன்றை மட்டும் ஒரு முறை நினைத்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்கோர் ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு போட்டிக்குள் அதே இடத்தில் மீண்டும் தடுமாறினால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். அமைப்பை மாற்ற வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லையா? இ4-க்கு கரோ-கான் அல்லது டி4-க்கு ஸ்லாவ் ஆடுகிறவர் சி6 வழியை எடுக்கட்டும். கிங்ஸ் இந்தியன் ஆடுகிறவர் அதிலேயே இருக்கட்டும், ஆனால் கபாபிளாங்காவின் தோல்வியைப் படித்துவிட்டு. இ4-க்கு இ5 ஆடிப் பழகியவர் சி4-க்கும் இ5 ஆடலாம், குதிரை எஃப்3-க்கு மட்டும் டி5-ஐத் துணைக்கு வைத்துக்கொண்டு. இதில் எதிலும் சேராதவர், அதாவது புதிதாகத் தொடங்குகிறவர், டி5, சி6, பிஷப் எஃப்5, இ6, எச்6 என்ற லாஸ்கர் வரிசையைக் கற்றுக்கொண்டால் போதும். எதிராளி சி4-இல் தொடங்கினாலும் குதிரையில் தொடங்கினாலும் ஜி3-இல் தொடங்கினாலும், முதல் பத்து நகர்த்தலுக்கு அதுவே வழி காட்டும்.